சாய்ந்த கால் அலமாரியின் பாடபேதங்கள்

வாய்மொழிப் பாடல்களின் வேறுபாடங்களைத் திரட்டும் தொழிலில் முதல் விதி, சொல்கிறவரைத் திருத்தக் கூடாது என்பது, அடுத்தது, அவர் நிறுத்தினால் "அப்புறம்?" என்று மட்டும் கேட்பது, அதற்கும் அடுத்தது, "இதை யார் சொல்லிக் கேட்டீர்கள்?" என்று மறவாமல் கேட்டுவைப்பது. வாழ்நாள் முழுவதும் இவற்றை வழுவாமல் கடைப்பிடித்துவந்த எனக்கு, இவையே ஒருநாள் என் வீட்டை என்னிடமிருந்து பறிக்கப் பார்க்கும் என்று தெரிந்திருக்கவில்லை. கடைத்தெருவில் நின்ற நிலையில் ஒரு பொருளை வாங்கிவிட்டு, அதை வாசற்படி ஏற்றுவதற்குள் வீட்டாருக்கும் தெருவாருக்கும் விளக்கம் சொல்ல நேர்ந்த அன்பர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஒரே கடை

என் ஒலிப்பதிவுக் கருவியின் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோய், கோவளத்துப் பெண்கள் பாடிய தாலாட்டெல்லாம் ஒப்பாரியைப் போல இழுத்துக்கொண்டு ஒலிக்கத் தொடங்கியிருந்தது. ஊர் முழுவதும் குறுவட்டுக்கு மாறிவிட்டிருந்த காலம் அது. அத்தகைய பெல்ட் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கடையில் இன்னும் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, சேலையூரிலிருந்து புறப்பட்டேன். அந்தக் கடைக்கு நான் போய்ச் சேரவே இல்லை. வழியில் பழைய மரச்சாமான் விற்கும் பாஷா பாயின் கடை இருந்தது.

கடை வாசலில், வெயில் படாத ஓரமாக, அந்த அலமாரி நின்றது. ஆள் உயரத்துக்கு நிற்காமல், இடுப்பளவு உயரத்தில் நீளவாக்கில் படுத்த அமைப்பு. வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கீழே போகப் போக மெலியும் கால்கள். கால் நுனிகளில் பித்தளைக் குப்பி. கைப்பிடியே இல்லாத தள்ளுகதவுகள். ஐம்பது, அறுபதுகளில் பெரிய கம்பெனிகளின் அதிகாரி பங்களாக்களில் இவ்வகைச் சாமான்கள் இருந்ததாகப் பாய் சொன்னார். பழைய வார்னிஷை முழுவதும் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகப் பாலிஷ் ஏற்றியிருந்தார்கள். தேக்கின் வரிகள், தேனைச் சாய்த்து ஊற்றியது போல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடின. கதவொன்றை விரலால் தொட்டேன். அது சத்தமில்லாமல் நகர்ந்தது. "வண்டி பிடிக்க முடியுமா?" என்று கேட்ட குரல் என்னுடையதுதான்.

நேர்மையான வியாபாரியான பாய்க்கே அது சங்கடமாகப் போயிற்று. "மேடம், பல்லாவரத்துல இன்னும் ரெண்டு கடை கீது, பாத்துட்டு வாங்களேன்" என்றார். வேண்டாம் என்றேன். "வூட்ல ஒரு வார்த்தை...?" என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். ஒரு பாட்டின் ஒரு சொல்லை உறுதிசெய்ய ஊர் ஊராக அலைந்தவள் நான். அந்த அலமாரியை எதனோடும் ஒப்பிடவில்லை. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டிக்காரரைக் கூவி அழைத்தார். பிறகு சொன்னார்: "கரெக்ட்தான் மேடம், எடுத்துக்கினு போங்க. வூட்ல கேட்டுகினு வரேன்னு போன ஆளு யாரும் இந்தக் கடைக்குத் திரும்பி வந்ததே கெடையாது."

கேட் மூடியிருந்தபோது

மீன்பாடி வண்டி என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டிக்காரரின் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ராதா நகர் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டில் காத்திருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: மின்சார ரயில் போகும், கேட் திறக்கும்போல இருக்கும், எதிர்ப்பக்கத்து ரயில் வரும். அதற்குள் சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு அத்தனை பேருக்கும் பார்ப்பதற்கு நான் ஒருத்தியும் என் அலமாரியுமே இருந்தோம்.

"இன்னாமா இது, படுக்கவெச்ச பீரோவா?" என்றார் ஒருவர். "டிவி ஸ்டாண்டு" என்றார் இன்னொருவர். "இம்மாம் நீட்டு டிவி எங்கடா கீது?" என்று மூன்றாமவர் அவரை மடக்கினார். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முருகேசனும் கூட்டத்தில் இருந்தார். "எங்க டீச்சர் போனீங்க?" என்று கேட்டார். பெல்ட் வாங்கப் போனதாகச் சொன்னேன். "பெல்ட் எங்க?" என்றார். வாங்கவில்லை என்றேன். உண்மை அவ்வளவுதான். அதை அவ்வளவோடு நிறுத்தியது என் தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஏனெனில் காரணம் சொல்லப்படாத ஒரு செயலைக் கதை உலகம் சும்மா விட்டுவைப்பதில்லை.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு ஈஸ்வரி நின்றாள். சேலையூரின் பழைய குடும்பம் அவர்களுடையது. வயலாக இருந்த இடமெல்லாம் இப்போது வாடகைக்கு விட்ட வீடுகள். என்மீது உண்மையான பிரியம் உள்ளவள். தெருவில் நடப்பது எதுவும் அவளைக் கடக்காமல் போகாது. அலமாரி இறங்கி, கூடத்தின் நீளச் சுவரை ஒட்டி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மகள் மாலதி அவளுக்குப் பாப்பா. பிறகு கேட்டாள்: "ஏன் டீச்சர், பள்ளிக்கரணை ஃப்ளாட்டுக்குப் போகப்போறீங்கன்னு பாப்பா சொல்லுச்சே, இது அந்த லிஃப்ட்ல ஏறுமா?"

வீடும் நானும்

ஈஸ்வரி கேட்டது சரியான கேள்வி. சதுப்பு நிலத்தைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், மாலதியும் என் மருமகனும் பள்ளிக்கரணையில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தார்கள். அதில் எனக்கென்று ஓர் அறையும் ஒதுக்கியிருந்தார்கள். என் கணவர் காலமானபின் நான் தனியாக இருப்பது மகளுக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டு மனையைக் கொடுத்தால் அதில் அடுக்குமாடி கட்டித்தருவதாக ஒரு புரமோட்டர் அவளிடம் பேசியுமிருந்தார். நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "யோசிக்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் இப்படியொரு நீளமான சாமானை வாங்கி நிறுத்தியதை எல்லோரும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்து நான் வாங்கவில்லை. எப்படியும் நினைத்து வாங்கவில்லை. மாலதி தொலைபேசியில் கேட்டது: "எழுபது வயசு ஆகப்போகுது, இப்ப போய் யாராவது ஃபர்னிச்சர் வாங்குவாங்களாம்மா? இருக்கறத எல்லாம் ஒழிக்கிற வயசும்மா இது!"

ஒற்றைச் சான்று

என்னோடு பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் தேவநாதன் அலமாரியைப் பார்க்கவென்றே வந்தார். பழமொழிகளைத் தொகுப்பவர், ஆதாரமில்லாமல் தும்மக்கூட மாட்டார். குனிந்து கால்களைப் பார்த்தார், பின்பக்கப் பலகையைத் தட்டினார், கதவைத் திறந்து மோந்தும் பார்த்தார். எத்தனை கடைகளில் விசாரித்தேன் என்று கேட்டார். ஒன்று என்றேன். பங்களாச் சாமான்தானா என்பதை வேறு யாரிடமாவது சரிபார்த்தேனா என்றார். இல்லை என்றேன். "ஒற்றைச் சான்று" என்று தலையை ஆட்டினார். எங்கள் துறையில் அதைவிடக் கடுமையான கண்டனம் கிடையாது.

காப்பி குடித்துவிட்டும் அவர் புறப்படவில்லை. அந்தத் தள்ளுகதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், அடுத்த தடவை இந்த மாதிரி ஏதாவது தப்பு பண்றதா இருந்தா எனக்கும் ஒரு ஃபோன் போடுங்க. யோசிக்காம ஒண்ணு செஞ்சேன்னு சொல்லிக்க எங்கிட்ட எதுவுமே இல்ல."

அந்த டீச்சர்

கன்னியம்மா கோவளத்திலிருந்து பேருந்தில் கூடையோடு வந்து எங்கள் பக்கம் மீன் விற்பவள். நான் மீன் வாங்குவதில்லை, பாட்டு வாங்குகிறேன். வலை இழுக்கும்போது ஆண்கள் பாடும் அம்பாப் பாடல்களை, அவர்கள் காதில் விழாமல் பெண்கள் எப்படி மாற்றிப் பாடினார்கள் என்பதை அவளிடமிருந்துதான் பதிவு செய்தேன். ஒருநாள் போர்ட்டிகோவில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பாட்டுக்கு முன்னால் ஒரு சேதி என்றாள்.

"இந்தாண்ட ஒரு டீச்சரு கீதாமே டீச்சரு. ஒண்டிக்கட்டயாம். குரோம்பேட்டையில போய் ஒரு பொட்டி வாங்கியாந்துச்சாம். நீட்டுப் பொட்டி. அதுல ஒரு கதவு தொறக்கவே தொறக்காதாம். உள்ள புதையல் கீதுன்னு பாய்க்குத் தெரியாதாம், டீச்சருக்குத் தெரியுமாம். அதான் வெல கூட பேசாம தூக்கிக்கினு வந்துட்சாம்!" எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானே நாயகியாக இருக்கும் ஒரு கதை, என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, ஆள் அடையாளம் உதிர்ந்து, புதையலோடு திரும்பி வந்திருந்தது! நான் திருத்தவில்லை. எப்படித் திருத்துவேன்? "அப்புறம்?" என்றேன். "இதை யார் சொன்னாங்க, கன்னியம்மா?" என்றும் கேட்டேன். இஸ்திரி வண்டியாண்ட பேசிக்கொண்டார்கள் என்றாள்.

பாட்டு முடிந்து தண்ணீர் கேட்டாள். கொண்டுவர உள்ளே திரும்பினேன். திறந்த கதவின் வழியாக அவள் பார்வை கூடத்துக்குள் போயிற்று. அலமாரியை நன்றாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அட, உன்னாண்டயும் ஒண்ணு கீதா? அந்த டீச்சருது இதவிடப் பெருசாம் டீச்சரு!"

அப்புறம்?

புதையல் கதையால் எனக்குக் கேடு வரவில்லை. என் கணவர் வேலைபார்த்த பங்களாவின் அலமாரி அது, அடையாளம் கண்டு அழுதுகொண்டே வாங்கினேன் என்று ஒரு உருக்கமான வடிவம் கோயில் பக்கம் உலவிற்று, அதனாலும் கேடில்லை. (என் கணவர் வேலைக்காலமெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்.) நடந்ததிலிருந்து வெகுதூரம் விலகிப்போகும் கதைகள் சாதுவானவை. நடந்ததை ஒட்டியே வந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் விலகுகிறதே, அந்த வடிவத்துக்குத்தான் அஞ்ச வேண்டும்.

ஒரு மாலையில் ஈஸ்வரி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "டீச்சர், அன்னிக்கு நீங்க டேப் ரிக்கார்டர் பெல்ட் வாங்கத்தானே போனீங்க?" ஆமாம் என்றேன். "அங்க போனதும் எதுக்கு வந்தோம்னே மறந்துபோச்சு, இல்லியா?" அந்த இடத்தில்தான் நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் குரலில் கதைசொல்லியின் ஏற்றம் வந்துவிட்டது. அதைக் கேட்டால் எனக்குள் வேறொருத்தி விழித்துக்கொள்கிறாள். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்... கண்ணுல பட்டத வாங்கிட்டீங்க. கேட்டாண்ட முருகேசன் பெல்ட் எங்கன்னு கேட்டா, பேய் முழி முழிச்சீங்களாம்." "அப்புறம்?" "வண்டிக்காரரு வழி கேட்டாராம். உங்களுக்கு வீடே தெரியலியாம். முருகேசன்தான் முன்னாடி சைக்கிள்ல வந்து வழி காட்டுனாராம்." இந்தச் சைக்கிள் புதியது, மிக நல்ல சேர்க்கை. ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். "இதை யார் சொல்லிக் கேட்டே?" என்று ஆவலோடு கேட்டேன். தன் கதையையே பிறர் சொல்லக் கேட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் ஒரு கிழவியை அவள் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. என் கையை இறுக்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க டீச்சர். உங்களுக்கு நடந்ததெல்லாம் நான் ஒண்ணு விடாம உங்களுக்குச் சொல்றேன்."

என்ன கிழமை

அந்த வாரமே மாலதி வந்தாள். கையில் பழம், கண்ணில் சோதனை. அவளிடம் யார் பேசியிருப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கியது. காப்பி கலக்கும்போது, "நாளைக்கு என்ன கிழமைம்மா? எனக்கு மறந்தேபோச்சு" என்றாள். பால்காரர் பெயர் என்ன, எதிர்வீட்டுப் பெரிய பெண் என்ன படிக்கிறாள், தன் கல்யாணத்துக்கு எந்தச் சமையற்காரர் வந்தார் என்று வரிசையாக அவளுக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது.

எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று எனக்குள் ஒன்று காலை ஊன்றிக்கொண்டது. என் வீட்டில், என் சமையலறையில், என் மகள் எனக்குத் தேர்வு வைப்பாள். நான் நல்ல பிள்ளையாக விடை சொல்லித் தேறி, அதற்குப் பரிசாக என் வீட்டிலேயே இருந்துகொள்ள அனுமதி வாங்க வேண்டுமா? "உன் செல்ஃபோனில் கிழமை இருக்கும், பார்த்துக்கொள்" என்றேன். அவள் பின்கட்டுக்குப் போய் அதே செல்ஃபோனில் கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "ஈஸ்வரி அக்கா சொன்னது நிஜம்தாங்க, கிழமை கூடத் தெரியல. புரமோட்டரை வரச் சொல்லிடுங்க, இனிமே இவங்களக் கேட்டுட்டு இருக்க முடியாது."

டெம்போ

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பாஷா பாயும் ஓர் ஆளும் இறங்கினார்கள். பின்னாலேயே ஆட்டோவில் மாலதி. அவள் குரோம்பேட்டைக்குப் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தெரியாமல் வாங்கிவிட்டார்கள் என்று பாயிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரும் பெருந்தன்மையாகத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். முதலில் அலமாரி போகும். மாலையில் புரமோட்டர் வருவார். மழைக்காலத்துக்கு முன் நான் போவேன். இதுதான் ஏற்பாடு. எதிர்வீட்டிலிருந்து ஈஸ்வரியும் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

பாயின் ஆள் அலமாரியின் ஒரு முனையில் கைவைத்தார். நான் மறுமுனைக்குப் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இடுப்பளவு உயரம்தான், ஆனால் எழுபதை நெருங்கும் முழங்காலுக்கு அது சாதாரணக் காரியம் அல்ல. "தூக்குவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் தூக்குங்கள்" என்றேன். "அம்மா, இறங்கும்மா! விழுந்துடப்போற!" என்று மாலதி பதறினாள். "பாத்து டீச்சர், பாலிஷ் வழுக்கும்" என்றாள் ஈஸ்வரி.

பிறகு, களப்பணியில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். தகவலாளிகளைத் திருத்தினேன். "கேட்டில் முருகேசன் பெல்ட் எங்கே என்று கேட்டார், வாங்கவில்லை என்று நான் சொன்னேன். உண்மை அதோடு முடிகிறது. அதை அவர் இஸ்திரி வண்டியில் சொன்னபோது, 'வாங்கவில்லை' என்பது 'மறந்துவிட்டார்' என்று ஆயிற்று. ஈஸ்வரி, நீ அங்கே துணி கொடுக்கப் போனபோது அதைக் கேட்டாய். வழி தெரியாமல் நின்றதும் சைக்கிளும் நீ சேர்த்தவை. முருகேசனை நான் விசாரித்துவிட்டேன்; அவர் அன்று சைக்கிளே கொண்டுவரவில்லை. பஸ்சில் வந்தவர். மாலதி, உனக்கு ஈஸ்வரி தொலைபேசியில் சொன்னாள். பாய்க்கு நீ சொன்னபோது அதில் என் உடம்புக்கும் ஏதோ வந்துவிட்டது. பாய், நீங்கள் கடையில் வேறு யாரிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிட்டால் பதிவு முழுமையாகும்."

ஈஸ்வரி, "சைக்கிள் இல்லாம எப்டி டீச்சர் முன்னாடி வந்து வழி காட்டுவாரு? அதான் சேர்த்தேன்" என்று முணுமுணுத்தாள். மாலதி அலமாரியின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். ஆறுதலில் அவள் குரல் உடைந்தது. அந்த ஆறுதலையும் நான் ஏற்கத் தயாராக இல்லை. "ஞாபகம் இருப்பதால் இந்த வீடு என்னுடையது என்று நினைக்காதே, மாலதி. நாளைக்கு உண்மையாகவே கிழமை மறந்துபோனாலும் இது என் வீடுதான். இது என் அலமாரிதான். கிழமை தெரிந்தவர்கள்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டால் இந்தத் தெருவில் பாதி காலியாகிவிடும்."

"ராத்திரியில விழுந்தா யாரும்மா உன்னைத் தூக்குவாங்க?" என்றாள். கேட்டபோது அவள் அதிகாரமெல்லாம் போய், என் பெண்ணாக மட்டும் இருந்தாள். "ஈஸ்வரி தூக்குவாள். தூக்கிவிட்டு ஊருக்கெல்லாம் சொல்வாள். உனக்குத் தகவல் வராமல் போகாது" என்றேன். அவள் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டேதான். கைப்பையிலிருந்து செல்ஃபோனை எடுத்து, புரமோட்டர் வரவேண்டாம், இன்றைக்கு மட்டுமல்ல, வரவே வேண்டாம் என்று கணவனிடம் சொன்னாள். இவ்வளவையும் கதவோரம் நின்று பார்த்த பாஷா பாய், தம் ஆளின் முதுகில் தட்டினார். "வுடு நைனா, கைய எடு. உடம்பு சரியில்லாத ஆளாண்டதான் சாமான திருப்பி வாங்க முடியும்."

வாசலில்

பாய் போனபிறகு மாலதி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டாள். நான் கூடத்து ஜன்னலருகே இருந்தேன். வாசற்கதவில் ஈஸ்வரியோடு இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். காலையில் டெம்போ வந்து வெறுமனே திரும்பிப்போனதற்குத் தெருவுக்கு விளக்கம் வேண்டியிருந்தது. என் மகள், நல்ல குடும்பத்துப் பெண்ணின் நிதானத்தோடு சொன்னாள்: "அது ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு ரொம்ப நாளா அந்த மாதிரி ஒண்ணு வேணும்னு ஆசை. நாங்கதான் சர்ப்ரைஸா வாங்கிக் குடுத்தோம். பாய் செக் பண்ணிட்டுப் போக வந்தாரு."

எத்தனை அழகான வடிவம்! மானம் காக்கிறது, மகளுக்குப் பெருமை, தாய்க்குப் பாசம், ஊருக்கு நிறைவு. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. இனி யாரும் என் நினைவைச் சந்தேகிக்க மாட்டார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அன்பினால் சொன்ன பொய். நான் பேசாமல் இருந்திருந்தால் அதுவே நிலைத்திருக்கும். இன்னும் சில ஆண்டுகளில் நானும்கூட அதை நம்பத் தொடங்கியிருப்பேன்.

செருப்புப் போடாமலே வாசலுக்குப் போனேன். "இல்லை. இவர்கள் வாங்கித்தரவில்லை. நானே வாங்கினேன். யாரையும் கேட்கவில்லை. காரணம் ஒன்றும் கிடையாது; பார்த்தேன், பிடித்தது, வாங்கினேன்" என்றேன். மாலதி தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈஸ்வரி மட்டும் நான் சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப்பார்ப்பவள் போல உதட்டை அசைத்தாள், பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்: "பாப்பா சொன்னதுதான் நல்லா இருக்கு டீச்சர். நீங்க சொல்றத நான் போய் யார்கிட்ட சொல்றது?"

ஆகவே அன்பர்களே, சேலையூரில் இன்று வழங்கும் வடிவங்களிலெல்லாம் என்னுடையதே மிக எளியது, மிகச் சிலரே அறிந்தது, மறுபடி சொல்ல ஒருவர்கூட முன்வராதது. ஆனால் உண்மையான அலமாரி அந்த வடிவத்துக்குள்தான் நிற்கிறது.